ஒரு மனிதரைக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவது எப்படி?

தேசியக் கலைக்களஞ்சியத்துக்கோ வாழ்க்கை வரலாற்று அகராதிக்கோ ஒரு பதிவு எழுதித் தரும்படி உங்களைக் கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆள் பெயரும் கொடுத்துவிட்டார்கள், சொல் அளவும் சொல்லிவிட்டார்கள். பலரும் அன்று மாலையே எழுத உட்கார்ந்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். எழுதுவது இந்த வேலையின் கடைசிப் பகுதி, அளவிலும் சின்னப் பகுதி. மற்றதெல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" பதிப்பாசிரியர் எந்த வரியில் விரலை வைத்து இதைக் கேட்டாலும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலைத் தயார் செய்யும் வழியைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எந்த நூலுக்கு எழுதுகிறீர்கள்?

கலைக்களஞ்சியம் என்று பொதுவாகச் சொன்னாலும் இதில் பல வகை உண்டு. பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் பொது அறிவு நூல். அணுவும் அதில் உண்டு, அரசரும் உண்டு. வங்காளதேச ஆசியக் கழகம் 2003இல் வெளியிட்ட 'பங்களாபீடியா' ஒரு நாட்டைப் பற்றியது. அந்த நாட்டோடு தொடர்பில்லாத எதற்கும் அதில் இடமில்லை. பிரிட்டனின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி (1885–1900, 63 தொகுதிகள்) முழுக்க முழுக்க மனிதர்களைப் பற்றியது. இந்த மூன்றாவது வகையில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அதைப் பற்றியே.

ஒவ்வொரு நூலுக்கும் தனி விதிகள் இருக்கும். ஆஸ்திரேலிய வாழ்க்கை வரலாற்று அகராதி இறந்தவர்களை மட்டுமே சேர்க்கும். கனடாவின் அகராதி தொகுதிகளை இறந்த ஆண்டு வாரியாகப் பிரிக்கிறது. 1966இல் வந்த அதன் முதல் தொகுதியில் 1700ஆம் ஆண்டுக்குள் இறந்தவர்கள் மட்டுமே. அகரவரிசையில் வெளியிட்டால் கடைசி எழுத்தில் தொடங்கும் பெயர்க்காரர்கள் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். கால வரிசையில் அந்தத் தொல்லை இல்லை. அதோடு ஒரு தொகுதியைப் படித்தாலே ஒரு காலகட்டம் கண்முன் வந்துவிடும். எனக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும், ஆனால் அதை முடிவு செய்வது நம் கையில் இல்லை.

விதிமுறைத் தாளைப் படியுங்கள். அப்புறம் அதே நூலில் உங்கள் ஆளின் துறையைச் சேர்ந்த ஏழெட்டுப் பதிவுகளைப் படியுங்கள். ஒரு கவிஞரைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால், மற்றக் கவிஞர்களுக்கு எத்தனை சொல் ஒதுக்கியிருக்கிறார்கள், மேற்கோள் தருகிறார்களா, குடும்பத்தைப் பற்றி எவ்வளவு பேசுகிறார்கள் என்பதெல்லாம் விதிமுறைத் தாளைவிட இந்தப் பதிவுகளில் தெளிவாகத் தெரியும்.

இரண்டாம் படி: இவர் ஏன் உள்ளே வர வேண்டும்?

பெயரை அவர்களே கொடுத்திருந்தாலும் இந்தக் கேள்விக்கு நீங்களும் பதில் சொல்லிப் பார்க்க வேண்டும். பெயரை நீங்களே முன்மொழிகிறீர்கள் என்றால் இதைத் தவிர்க்கவே முடியாது.

புதியவர்கள் செய்யும் முதல் காரியம் பதவிகளை அடுக்குவது. தலைவராக இருந்தார், உறுப்பினராக இருந்தார், விருது பெற்றார். இதெல்லாம் ஒருவர் இருந்தார் என்பதற்குச் சான்று, அவ்வளவுதான். அந்தத் துறையின் வரலாற்றிலிருந்து இந்த ஒருவரை எடுத்துவிட்டால் கதையில் ஓட்டை விழுமா என்று கேட்டுப் பாருங்கள். விழும் என்றால் அவர் உள்ளே வர வேண்டியவர். அவர் பெரிய பதவி எதிலும் இருந்திருக்க வேண்டியதில்லை, நல்லவராகவும் இருந்திருக்க வேண்டியதில்லை. கொள்ளைக்காரர்களும் மோசடிக்காரர்களும் தேசிய அகராதிகளில் தாராளமாக இருக்கிறார்கள். இது கௌரவப் பட்டியல் அல்ல என்று பதிப்பாசிரியர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருப்பார்கள்.

பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் முறையிலேயே அந்த நூலின் தலையெழுத்து பாதி எழுதப்பட்டுவிடுகிறது. பிரிட்டிஷ் அகராதியின் முதல் பதிப்பாசிரியர் லெஸ்லி ஸ்டீபன், சேர்க்க நினைத்த பெயர்களைப் பத்திரிகையில் வெளியிட்டு, விடுபட்டவர்களைச் சொல்லும்படி வாசகர்களைக் கேட்டார். ஆஸ்திரேலியாவில் மாநிலவாரியாகக் குழுக்கள் உட்கார்ந்து பெயர்களை விவாதிக்கின்றன. இவ்வளவு செய்தும் விடுபட்டவர்கள் ஏராளம். பிரிட்டனில் 1993இல் 'விடுபட்டவர்கள்' என்றே ஒரு தனித் தொகுதி போட வேண்டி வந்தது; அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆஸ்திரேலியாவும் 2005இல் அதே மாதிரி ஒரு துணைத் தொகுதி வெளியிட்டது. பிரிட்டிஷ் அகராதியை முழுவதும் புதுப்பித்து 2004இல் வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பில்கூடப் பெண்கள் ஏறத்தாழ 10 விழுக்காடுதான்.

இதற்கு ஒரு காரணம் அப்பட்டமான பாரபட்சம். இன்னொரு காரணம் சான்றுகளின் இயல்பிலேயே இருக்கிறது. யாரைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறார்களோ அவரைப் பற்றி எழுதுவது சுலபம். எழுதப்படாதவர் அப்படியே வெளியே நின்றுவிடுவார். 2018 அக்டோபரில் டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்குக் கட்டுரையே இல்லை. சில மாதங்களுக்கு முன்பு யாரோ எழுதிய வரைவை, போதிய சான்றுகள் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். மேரி கியூரிக்கும் மரியா கோப்பெர்ட் மேயருக்கும் அடுத்து அந்தப் பரிசைப் பெற்ற மூன்றாவது பெண் அவர்! திருப்பி அனுப்பியவர் விதிப்படிதான் நடந்தார். அதனால்தான் இந்த நிகழ்ச்சியைப் புதியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். விதி சரியாக இருந்தும் ஆள் விடுபடலாம். அப்படிப்பட்டவர்களுக்காக நாம் இன்னும் நாலு இடத்தில் தேட வேண்டும்: தொழிற்சங்க இதழ்கள், பள்ளி ஆண்டறிக்கைகள், மருத்துவமனைப் பதிவேடுகள், நீதிமன்ற ஆவணங்கள், மற்றவர்கள் எழுதிய கடிதங்கள்.

மூன்றாம் படி: சான்று சேர்ப்பது

சிறு அட்டைகளிலோ கணினியில் ஓர் அட்டவணையிலோ குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தகவலுக்கு ஓர் அட்டை. அதில் தகவல், அது எங்கே கிடைத்தது, எந்தப் பக்கம், நீங்கள் பார்த்த நாள் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். பக்க எண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் புத்தகம் மறுபடி கையில் கிடைக்காது. இது அனேகமாக எல்லாருக்கும் நடப்பது.

எந்தச் சான்று எதற்கு நல்லது என்று பழகப் பழகத் தெரிந்துவிடும். பிறப்பு, இறப்புப் பதிவேடுகளும் அரசிதழும் நாள்களுக்கு நல்லவை. பழைய செய்தித்தாள்கள், ஒரு நிகழ்ச்சி எப்போது நடந்தது, அன்றைக்கு அதை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு நல்லவை. இரங்கல் செய்திகளில் நாள்கள் ஓரளவு சரியாக இருக்கும், குணவர்ணனையை நம்ப முடியாது. நினைவு மலர்கள், பாராட்டு மலர்கள் விஷயமும் அப்படித்தான்: படிப்பு, வேலை, இடமாற்றம் பற்றிய விவரங்கள் வேறெங்கும் கிடைக்காத அளவுக்கு இருக்கும், ஆனால் அதில் யாரும் யாரோடும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். தன்வரலாறு, அவர் தன்னை எப்படிப் பார்த்தார் என்பதற்குச் சான்று. அதில் வரும் ஆண்டுகளை வேறு இடத்தில் சரிபார்க்காமல் எடுக்காதீர்கள்.

குடும்பத்தாரிடமும் கூட வேலை செய்தவர்களிடமும் பேசும்போது, நினைவில் இருப்பதைக் கேட்பதோடு பெட்டியில் இருப்பதையும் கேளுங்கள். மனிதர்களுக்குச் சம்பவம் நன்றாக நினைவிருக்கும், ஆண்டு நினைவிருக்காது. பள்ளிச் சான்றிதழ், பணி நியமன ஆணை, கடவுச்சீட்டு, பின்பக்கம் தேதி எழுதிய புகைப்படம் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் கிடைக்கும்.

ஒரு தகவலை மூன்று நூல்கள் சொல்கின்றன என்றால் அது மூன்று சான்றா? எப்போதும் அல்ல. இரண்டாவதும் மூன்றாவதும் முதல் நூலைப் பார்த்து எழுதியவையாக இருக்கலாம். ஒரே எழுத்துப் பிழை மூன்றிலும் வந்தால் சந்தேகமே வேண்டாம். இதன் உச்சம் 1887–1889இல் அமெரிக்காவில் வெளியான ஆப்பிள்டன் வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியம். அதற்கு எழுதியவர்கள் தாங்களே பெயர்களை முன்மொழியலாம். கட்டுரையின் நீளத்துக்கு ஏற்பப் பணம். உள்ளடக்கத்தைச் சரிபார்க்க ஆளில்லை. என்ன நடக்கும்? 1919இல் தாவரவியலாளர் ஜான் ஹென்ட்லி பார்ன்ஹார்ட், அதில் இருந்த 14 தாவரவியலாளர்கள் பிறக்கவே இல்லை என்று கண்டுபிடித்தார். ஐரோப்பாவிலிருந்து தென்னமெரிக்காவுக்கு வந்து ஆராய்ச்சி செய்து நூல்கள் எழுதியதாகச் சொல்லப்பட்ட அத்தனை பேரும் கற்பனை. அதற்குப் பிறகு மற்றவர்களும் தேட, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. முப்பது ஆண்டுகள் அந்தப் பொய் மனிதர்கள் நூலக அலமாரியில் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். பார்ன்ஹார்ட் அவர்களைப் பிடித்த வழி சாதாரணமானது: அவர்கள் எழுதியதாகச் சொன்ன நூல்களைத் தேடினார், இல்லை. ஒருவர் எழுதிய நூல் என்று நீங்கள் குறிப்பிட்டால் அதை ஒரு நூலகப் பட்டியலிலாவது கண்ணால் பார்த்துவிடுங்கள்.

நான்காம் படி: நாள், பெயர், இடம்

பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் வரும், அதனால் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் நாட்காட்டி. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25ஆ, 1643 ஜனவரி 4ஆ? இரண்டும் சரி. முதலாவது அன்றைய இங்கிலாந்தில் இருந்த ஜூலியன் நாட்காட்டிப்படி, இரண்டாவது இன்றைய கிரகோரியன் நாட்காட்டிப்படி. பிரிட்டன் 1752இல்தான் மாறியது, ரஷ்யா 1918இல். 'அக்டோபர் புரட்சி' இன்றைய கணக்கில் நவம்பரில் நடந்ததற்கு அதுதான் காரணம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஆண்டுப் பெயர் சொல்லும் வழக்கம் தமிழிலும் உண்டு, சீனத்திலும் உண்டு. வெறும் 'விகாரி ஆண்டு' என்றால் எந்த விகாரி என்று வேறு சான்றால் உறுதி செய்ய வேண்டும். இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டு, கிரகோரியன் ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவானது என்பதால் பெரும்பாலும் இரண்டு கிரகோரியன் ஆண்டுகளில் விழும். மாதம் தெரியாமல் ஒரே ஆண்டாக மாற்றி எழுதாதீர்கள்.

அடுத்தது, சான்று சொல்லாததைச் சொல்லாமல் இருப்பது. பேத்தோவனுக்கு 1770 டிசம்பர் 17 அன்று ஞானஸ்நானம் நடந்தது என்று பதிவேடு சொல்கிறது. பிறந்த நாளுக்குப் பதிவு இல்லை. நல்ல கலைக்களஞ்சியம் அதை அப்படியே எழுதும். இறக்கும்போது வயது 60 என்று மட்டும் தெரிந்தால் பிறந்த ஆண்டு இரண்டில் ஒன்று. இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதலாம், அல்லது 'ஏறத்தாழ' சேர்க்கலாம். கழித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட்டால், அடுத்த நூல் உங்களைச் சான்றாகக் காட்டும்.

பெயரில் முதல் சிக்கல், எந்தப் பெயரைத் தலைப்பாக வைப்பது. சொ. விருத்தாசலத்தைத் தேடி வருபவர் குறைவு, புதுமைப்பித்தனைத் தேடுபவர்தான் அதிகம். மக்கள் அறிந்த பெயரைத் தலைப்பாக வைத்து, மற்றப் பெயர்களுக்கு 'காண்க' என்று வழிகாட்டுங்கள். ஐஸ்லாந்துக்காரர்களுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, அங்கே இயற்பெயரால்தான் வரிசைப்படுத்துகிறார்கள். ஹங்கேரியில் குடும்பப் பெயர் முன்னால் வரும். முதலெழுத்துகள் தந்தையின் பெயரா ஊரின் பெயரா என்று விசாரித்து விரித்து எழுதுங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்களுக்கு இரண்டு பெயரிலும் தேடிப் பாருங்கள், பாதி வாழ்க்கை பழைய பெயரில் கிடக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, அன்றைய பெயரை எழுதி இன்றைய பெயரை அடைப்பில் தாருங்கள். தத்துவ அறிஞர் கான்ட் பிறந்தது பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில். அந்த நகரம் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். அவரை ரஷ்யாவில் பிறந்தவர் என்று எழுதினால் வாசகர் சிரிப்பார்.

ஐந்தாம் படி: எழுதுவது

இப்போது எழுதலாம். முதல் வாக்கியம் ஆள் யார் என்று சொல்லிவிட வேண்டும். உதாரணமாக: 'சாமிநாதையர், உ. வே. (1855–1942): ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுச் சங்க நூல்களையும் காப்பியங்களையும் பதிப்பித்த தமிழறிஞர்.' இந்த ஒரு வரியோடு ஒருவர் பக்கத்தைத் திருப்பினாலும் அவருக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. 'தமிழ் கூறும் நல்லுலகம் என்றென்றும் போற்றும்' என்று தொடங்கினால் ஒன்றுமே கிடைக்கவில்லை.

புகழ்ச்சியைப் பற்றிப் பழைய வேடிக்கை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் அகராதிக்கு எழுதிவந்த அல்பிரெட் ஐங்கர், அதன் கொள்கை 'தயவுசெய்து மலர்கள் வேண்டாம்' என்பதுதான் என்றார். இறுதிச்சடங்கு அறிவிப்புகளில் வரும் வாசகம் அது. மாபெரும், ஒப்பற்ற, தன்னிகரில்லா ஆகியவற்றை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு தகவலைப் போடுங்கள். 'ஒப்பற்ற பதிப்பாசிரியர்' என்பதைவிட '1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டார்' என்பது எவ்வளவோ கனமானது. 'முதன்முதலில்' என்ற சொல்லையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சோதியுங்கள். யாராவது ஒருவர் அதற்கு முன்பே செய்திருப்பார்.

வாழ்க்கையை ஆண்டு வரிசையில் சொல்வது நல்லது, ஆனால் எல்லா ஆண்டுக்கும் ஒரே இடம் தேவையில்லை. பிள்ளைப்பருவத்துக்குப் பாதிப் பதிவைச் செலவழித்துவிட்டு, எதற்காக அவர் உள்ளே வந்தாரோ அதைக் கடைசி இரண்டு வரியில் அடைப்பவர்கள் நிறைய. காரணம் எளிது: பிள்ளைப்பருவத் தகவல் சுவையாக இருக்கும், கைக்கும் எளிதாகக் கிடைக்கும். இரண்டாம் படியில் நீங்கள் சொன்ன அந்த 'ஓட்டை' எதுவோ, அதற்குத்தான் பெரிய இடம்.

ஆறாம் படி: சங்கடமான பகுதிகள்

தோல்வி, வழக்கு, சிறை, கட்சி மாற்றம் எல்லாம் பொதுவாழ்க்கையைப் பாதித்திருந்தால் எழுதத்தான் வேண்டும். கோபமும் இல்லாமல் பூசி மெழுகலும் இல்லாமல், என்ன நடந்தது, எப்போது, தீர்ப்பு என்ன என்று சொல்லி நகருங்கள். அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தால் யார் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள், நடுவராக உட்காராதீர்கள். குடும்பத்தார் ஆவணங்கள் கொடுத்து உதவியிருந்தால் நன்றி சொல்லலாம். பதிவை ஒப்புதலுக்கு அனுப்பும் வழக்கத்தை மட்டும் தொடங்கிவிடாதீர்கள், பிறகு நிறுத்த முடியாது. தகவல் பிழை இருக்கிறதா என்று குறிப்பிட்ட கேள்விகளாகக் கேட்டால் போதும்.

உயிரோடிருப்பவரைப் பற்றி எழுத நூலின் விதி அனுமதித்தால் கெடுபிடியை இரட்டிப்பாக்குங்கள். அவதூறான எதையும் அச்சில் வந்த நம்பகமான சான்று இல்லாமல் தொடக் கூடாது. முகவரி, உடல்நிலை, பிள்ளைகளின் பெயர் எல்லாம் தேவையே இல்லை.

அரசு நடத்தும் களஞ்சியம் என்றால் வேறு வகை அழுத்தமும் வரலாம். பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தின் இரண்டாம் பதிப்பில் 1950இல் வந்த ஒரு தொகுதியில், ஸ்டாலினின் ரகசியக் காவல்துறைத் தலைவராக இருந்த பேரியாவைப் பற்றி நீண்ட பதிவு இருந்தது. 1953இல் அவர் வீழ்ந்து சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு சந்தாதாரர்களுக்கு மாற்றுப் பக்கங்கள் வந்தன: பழையதை வெட்டிவிட்டு இதை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று. புதிய பக்கங்களில், அகரவரிசையில் அருகில் வரும் பேரிங் கடலைப் பற்றி விரிவாகவே எழுதியிருந்தார்கள். உங்களுக்கு இவ்வளவு நாடகம் நேராது. ஆனால் ஒரு பெயரையோ சம்பவத்தையோ எடுத்துவிடச் சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், முதல் வரைவைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசிப் படி: அனுப்பும் முன்

வரைவை இரண்டு நாள் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அதற்குரிய அட்டை எண்ணை எழுதுங்கள். எண் இல்லாத வாக்கியம் ஒன்று அகப்பட்டால் தேடுங்கள், கிடைக்காவிட்டால் வெட்டுங்கள். அப்புறம் ஆண்டுகளை மட்டும் தனியாகக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். பத்து வயதில் கல்லூரிப் பட்டம், இறந்த பிறகு பதவி உயர்வு மாதிரியான அதிசயங்கள் இந்த வாசிப்பில்தான் பிடிபடும்.

பதிவோடு ஒரு தனித் தாளையும் இணைத்து அனுப்புங்கள். எங்கெல்லாம் தேடினீர்கள், எது கிடைக்கவில்லை, எந்த இரண்டு சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, எதை எதனால் ஏற்றீர்கள் என்று அதில் இருக்கட்டும். இது அச்சில் வராது. பதிப்பாசிரியர் கேள்வி கேட்கும்போதும், அடுத்த பதிப்புக்கு வேறொருவர் இதே ஆளைத் திருத்தி எழுதும்போதும் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தத் தாளைத்தான். அட்டைகளையும் வீட்டில் வைத்துக்கொள்ளாமல், முடிந்தால் படியெடுத்து அவர்களுடைய கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.